டார்கிலின் டோக்கன்

சபை மூப்பர் ரோட்ரிக் அன்று மாலை சாவு வீட்டில் கால் மணி நேரம் ஜெபம் செய்தார். கடலில் இருக்கிற படகுகளுக்காக ஜெபித்தார். ஸ்டோர்னோவே ஆஸ்பத்திரியில் கிடக்கிற நோயாளிகளுக்காக ஜெபித்தார். ஞாயிற்றுக்கிழமையும் கப்பல் விட வேண்டும் என்று துடிக்கிற பாவிகளைக்கூட விடவில்லை. அவருக்கு இரண்டடி தள்ளி, பெட்டிக்குள் படுத்திருந்த டார்கிலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

மர்டினா சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தட்டில் கோப்பைகள் கிலுகிலுத்தன. பக்கத்தில் நின்றவள் குளிரா என்று கேட்டாள். குளிராவது கிளிராவது. அது ஆத்திரம்.

ஆமென் சொல்லி எல்லோரும் உட்கார்ந்த பிறகு டார்கிலின் மனைவி இஷ்பெல் எழுந்து நின்றாள். எழுபத்துநான்கு வயது. இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படவில்லை.

"ரோட்ரிக், என் மனுஷன் இப்ப எங்க இருக்காரு?"

கூடத்தில் இருந்த நாற்பது பேரும் கூரையையும் தரையையும் பார்த்தார்கள். எங்கள் தீவில் இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

"அது கர்த்தருக்குத்தான் தெரியும், இஷ்பெல்" என்றார் ரோட்ரிக்.

"நாப்பத்தெட்டு வருஷம் ஒரு ஞாயிறு தப்பாம கோயிலுக்கு வந்தாரே. ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா?"

"வந்தான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பந்திக்கு வரலயே. சாட்சி எதுவும் விட்டுட்டுப் போகலயே. நான் என்னன்னு சொல்றது?"

இஷ்பெல் உட்கார்ந்துவிட்டாள். யாரோ அவள் மடியில் வைத்த ரொட்டித் தட்டை எடுத்துக் கீழே வைத்தாள்.

எங்கள் சபையில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. திருவிருந்துப் பந்தியில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் பேர். உயிரோடு இருக்கிறவரை பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறவர்கள் மற்ற எல்லோரும். அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற அந்தத் திருவிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கும். அதில் சேர வேண்டும் என்றால் சனிக்கிழமை மூப்பர்கள் முன்னால் போய் நின்று, கடவுள் தன்னை எப்படித் தொட்டார் என்று சொல்ல வேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால் ஈயத்தில் செய்த சின்ன டோக்கன் ஒன்றைக் கொடுப்பார்கள். மறுநாள் முன் பெஞ்சுகளில் வெள்ளைத் துணி விரித்திருக்கும். அங்கே ஒரு மூப்பர் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். வருகிறவர் டோக்கனை அந்தக் கையில் வைத்தால் மூப்பர் மறுபேச்சு இல்லாமல் ஒதுங்கி வழிவிட வேண்டும். டோக்கன் கைக்கு வந்த பிறகு யாரையும் நிறுத்த அவருக்கு உரிமை கிடையாது.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் விருந்துக்கு முன்னால் போதகர் பிரசங்க மேடையில் நின்று, யாரெல்லாம் வரத் தகுதி இல்லாதவர்கள் என்று அரை மணி நேரம் பட்டியல் போடுவார். அதைக் கேட்டால் கல்லும் கூசி எழுந்து வெளியே போய்விடும். அதனால் மனசாட்சி உள்ளவன் பின்னாலேயே உட்கார்ந்துவிடுகிறான். தோல் தடித்தவன் முன்னால் போகிறான். ஒருவன் தனக்குத் தகுதி இல்லை என்று தாழ்மையாக நினைத்தால், அதையே அவனுக்கு விசுவாசம் இல்லாததற்கு அத்தாட்சி என்று முத்திரை குத்திவிடுவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது வேறு எந்த ஊருக்குப் பொருந்துமோ பொருந்தாதோ, எங்கள் ஊருக்கு அளவெடுத்துத் தைத்தது.

டார்கில் பின்னால் உட்கார்ந்தவர். கடைசி பெஞ்சில், சுவரோரம்.

அந்த மனிதர் இல்லை என்றால் மர்டினா இன்றைக்கு இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி மாதம் அவள் புருஷன் ஃபின்லேயின் படகு திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. மூப்பர்கள் கறுப்புக் கோட்டோடு வந்து உட்கார்ந்து, கர்த்தர் அன்பு வைத்தவர்களைத்தான் அடிக்கிறார், உன் உள்ளத்தைச் சோதித்துப் பார் என்றார்கள். மர்டினா கதவைத் திறந்து காட்டி வெளியே போங்கள் என்றாள். அன்றிலிருந்து அவள் வீட்டுப் பக்கம் ஈ காக்கை வரவில்லை.

டார்கில் மட்டும் மறுநாள் காலை வந்தார். சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கரி ஒரு வாளி நிறையக் கொண்டுவந்து, அணைந்து கிடந்த அவள் அடுப்பை மூட்டினார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, கடவுளைப் பார்த்து இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பாய் என்று கத்துகிற பைபிள் சங்கீதத்தில் ஒரு வரி சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"எனக்குக் கடவுளும் வேணாம், அவர் பாட்டும் வேணாம்" என்றாள் மர்டினா.

"சரிம்மா. திட்டணும்னா திட்டு. இதை எழுதுனவனும் திட்டத்தான் செஞ்சான். தனியா திட்டாத, அவனோட சேர்ந்து திட்டு."

நாற்பது நாள் வந்தார். தினமும் ஒரு வாளி மண்கரி, ஒரு வரி. கோயிலில் முன்னால் நிற்கிற பாடகர் ஒரு வரி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுகிற மாதிரி அவர் எடுத்துக்கொடுத்தார். பத்தாம் நாளோ என்னவோ மர்டினா அதை வாங்கிக் கத்தினாள். அடுப்பைப் பார்த்துக் கத்தினாள், ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக் கத்தினாள். கத்திக் கத்தி ஒரு நாள், கத்துவதைக் கேட்க ஆள் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அன்று இரவு தூங்கினாள்.

அந்த வருஷமே அவள் டோக்கன் வாங்கினாள். அவளைத் தன் பழைய வேனில் கோயிலுக்கு ஏற்றிப் போனவர் டார்கில்தான். வாசலில் இறக்கிவிட்டு, "போம்மா, முன்னாடி போ" என்று சொல்லிவிட்டு, தான் கடைசி பெஞ்சுக்குப் போனார். நீங்கள் ஏன் வரவில்லை என்று அன்றைக்கும் அவள் கேட்கவில்லை, பன்னிரண்டு வருஷமாகவும் கேட்கவில்லை. அந்த நினைப்புதான் இப்போது அவளை அறுத்தது. ரோட்ரிக் மேல் இருந்த கோபத்தில் பாதி தன் மேலேயே இருந்தது.

வியாழக்கிழமை காலை அவள் சாவு வீட்டுக்குப் போனபோது, இஷ்பெல் படுக்கையறையில் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். கையில் டார்கிலின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு.

"அக்கா, ஒரு வாய் சூப்பாவது குடிங்க. நாளைக்கு ஒரு மணிக்கு எடுக்கிறாங்க. நிக்கக்கூடத் தெம்பு இருக்காது."

"உள்பையில கைய விடு" என்றாள் இஷ்பெல்.

மர்டினா விட்டாள். விரலில் தட்டுப்பட்டதை வெளியே எடுக்கும் முன்பே அது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. ஈய டோக்கன். ஓரமெல்லாம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

"முப்பத்தோரு வருஷமா அங்கதான் இருக்கு. கோட்டைத் துடைக்கும்போதெல்லாம் என் கையில இடிக்கும். நான் எடுத்ததில்ல."

"இவர் மூப்பர்கள் முன்னாடி போனாரா? கொடுத்தாங்களா?"

"கொடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை எழுந்து முன்னாடியும் போனாரு. நான் பின்னாலேருந்து பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அன்னைக்கு அங்க நின்னது ரோட்ரிக். இவர் டோக்கனை நீட்டுறாரு, ரோட்ரிக் கைய நீட்டாம, 'நிச்சயமா?'ன்னு கேட்டாரு. அந்த ஒத்த வார்த்தைதான். இவர் அப்படியே திரும்பி வந்து என் பக்கத்துல உட்கார்ந்துட்டாரு."

"அப்புறம்?"

"சாப்பிடும்போது சொன்னாரு. 'ரோட்ரிக் வாயில கர்த்தர் கேட்டாரு இஷ்பெல், எனக்குப் பதில் இல்ல'ன்னு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. அவர் இல்லாத பந்தி எனக்கு எதுக்குன்னு நானும் போகல." இஷ்பெல் கோட்டை மறுபடி மாட்டினாள். "பாத்தியா. அப்பவே கர்த்தர் வேண்டாம்னுட்டாரு. நேத்து ரோட்ரிக் சொன்னதுல தப்பில்ல மர்டினா. நான்தான் கேட்டிருக்கக் கூடாது."

மர்டினாவுக்குத் தலைக்குள் என்னவோ வெடித்தது. முப்பத்தோரு வருஷம், வருஷத்துக்கு இரண்டு. அறுபத்திரண்டு திருவிருந்து. ஒவ்வொரு தடவையும் அந்த டோக்கனை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அதில் இருபத்துநான்கு தடவை மர்டினா அவரைத் தாண்டி முன்னால் நடந்து போயிருக்கிறாள். அவள் டோக்கனைக் கையில் இறுக்கிக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல் மழையில் இறங்கினாள்.

ரோட்ரிக் தன் கொட்டகையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார். அழுகினது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். அந்த வேலை அவருக்குக் கைவந்த கலைதான் என்று மர்டினா நினைத்தாள்.

"இது யாருதுன்னு சொல்லுங்க பாப்போம்." டோக்கனை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

அவர் பார்த்தார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்த கிழங்கைத் தவறான குவியலில் போட்டார்.

"வச்சிருந்தானா?"

"வச்சிருந்தாரு. சாகுற வரைக்கும் வச்சிருந்தாரு. சாட்சி விட்டுட்டுப் போகலன்னு நாப்பது பேர் முன்னாடி அந்தம்மா மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னீங்களே. இது என்ன, கோட்டுப் பட்டனா?"

"மர்டினா, கோபம் பாவம்மா."

"என் பாவத்த நான் பாத்துக்கிறேன். அன்னைக்கு ஏன் அப்படிக் கேட்டீங்க? எல்லாரையும் கேட்டீங்களா?"

மழை தகரக் கூரையில் கொட்டியது. ரோட்ரிக் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

"இல்ல. அவன ஒருத்தனைத்தான்" என்றார். "என்னை மூப்பராக்கி மூணு வாரம்தான் ஆகியிருந்துது. அங்க நின்னது அதுதான் முதல் தடவை. முதல் நாள் ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. ரோட்ரிக், உனக்கே நிச்சயமா, நீ போய் அங்க நிக்கிறியேன்னு உள்ள ஒரே குடைச்சல். டார்கில் வந்து நின்னான். நான் பார்த்ததிலேயே நல்ல முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் உள்ள குடைஞ்சது வாயில வந்துடுச்சு."

"அது உங்கள நீங்களே கேட்டுக்கிட்ட கேள்வியா?"

"ஆமா."

"அதை அவர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கலாமே! நாலு வீடு தள்ளித்தானே இருந்தாரு!"

"சொல்லணும்னு இருந்தேன். அப்புறம் அவன் திரும்பிப் போனதே கர்த்தரோட தீர்ப்புன்னு நெனச்சேன். நிச்சயம் இருந்தா போயிருப்பானான்னு நெனச்சேன்."

"உங்க வயித்து நடுக்கத்தத் தூக்கிக் கர்த்தர் தலைல கட்டிட்டீங்க. அதை அந்த மனுஷன் நெசமாவே கர்த்தர் சொன்னதுன்னு நம்பிட்டாரு." மர்டினாவின் குரல் உடைந்தது. அழுகை வந்ததற்காகவும் சேர்த்துக் கோபம் வந்தது. "நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இஷ்பெல் காதுல விழுற மாதிரி சொல்லுங்க. டார்கில் கர்த்தர்கிட்ட இருக்காருன்னு."

ரோட்ரிக் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாததைப் பெட்டி முன்னாடி நின்னு சொல்ல முடியாதும்மா. பொய்யாயிடும்."

"அன்னைக்கும்தான் உங்களுக்குத் தெரியாது. கேட்க மட்டும் வாய் வந்துதே!"

தானும் போகமாட்டான், போகிறவனையும் விடமாட்டான் என்று கத்திக்கொண்டே அவள் திரும்பி நடந்தாள். நாலு வீட்டு ஜன்னல் திரைகளும் அசைந்தன. அசையட்டும் என்று விட்டாள்.

இஷ்பெல்லிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. ரோட்ரிக் சொன்னதை அப்படியே சொன்னாள். இஷ்பெல் ஈரத் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

"அப்போ அது கர்த்தர் கேட்ட கேள்வி இல்லயா?"

"இல்லக்கா. ரோட்ரிக் கேட்டது. அதுவும் தன்னைத்தானே கேட்டுக்கிட்டது."

"சரி, நீ சொல்லு. நீ பந்தில உட்கார்றவ. என் மனுஷன் எங்க இருக்காரு?"

இப்படித் தன் பக்கம் திரும்பும் என்று மர்டினா எதிர்பார்க்கவில்லை. ரோட்ரிக்கைக் கிழி கிழி என்று கிழிக்கச் சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் கிழித்திருப்பாள். ஆறுதல் சொல்வது அவளுக்குப் பழக்கம் இல்லாத வேலை. தெரியாததைச் சொல்ல முடியாது என்று அந்த ஆள் சொன்னது நினைவுக்கு வந்து எரிச்சலூட்டியது. அவளுக்கு என்ன தெரியும்? ஒரு வாளி மண்கரி தெரியும். நாற்பது நாள் தெரியும்.

"அக்கா, என்னைக் கையப் புடிச்சு அந்தப் பந்தி வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போனது யாரு? ரோட்ரிக்கா? போதகரா? நான் கடவுளை நாயே பேயேன்னு திட்டிக்கிட்டிருந்தப்ப பக்கத்துல உட்கார்ந்து வழி சொன்னது இவர்தான். வழி தெரியாத மனுஷன் இன்னொருத்திய எப்படிக்கா கூட்டிட்டுப் போவாரு? அந்த வீட்டு ஆளாத்தான் இருக்கணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா இது எனக்கு நிச்சயமாத் தெரியும்."

இஷ்பெல் துணியைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள்.

"அந்த டோக்கனைக் குடு."

"என்ன செய்யப் போறீங்க?"

"என் புருஷன் பொருள். குடுடி."

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குக் காற்று சுழன்று அடித்தது. உள்ளே சங்கீதம் முடிந்து பெட்டியை வெளியே கொண்டுவந்து பாடையில் வைத்தார்கள். கறுப்பு டை கட்டிய ஆண்கள் சாலை நெடுக இரண்டு வரிசையாக நின்றார்கள். எட்டு எட்டுப் பேராகத் தோள் மாற்றிக் கல்லறை வரைக்கும் கொண்டுபோவது எங்கள் வழக்கம். பெண்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட வேண்டும், கல்லறைக்குப் போகக் கூடாது. ரோட்ரிக் பாடைக்கு முன்னால், கேட்டுக்கு நடுவில் நின்றார். அவர் தூக்கலாம் என்று சொன்னால்தான் தூக்குவார்கள்.

மர்டினா நேற்றிலிருந்து வார்த்தைகளைத் தீட்டி வைத்திருந்தாள். ரோட்ரிக் வாயைத் திறந்ததும் முப்பத்தோரு வருஷக் கதையை இருநூறு பேர் முன்னால் போட்டு உடைப்பது என்று முடிவு. ஊரை விட்டுத் தள்ளி வைத்தாலும் சரி. அவள் ஓரடி எடுத்து வைத்தாள். இஷ்பெல் அவள் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். பிடித்துவிட்டு, தானே வாசற்படி இறங்கினாள்.

நான்கு நாள் பட்டினி. சரளைக் கற்களில் அவள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பாடையைச் சுற்றிக்கொண்டு போய் ரோட்ரிக்கின் முன்னால் நின்று, மூடிய கையை நீட்டினாள்.

ரோட்ரிக்கின் உள்ளங்கை விரிந்தது. அவர் யோசிக்கவே இல்லை. முப்பத்தோரு வருஷமாக யார் வந்து எதிரே நின்று கை நீட்டினாலும் விரிந்து பழகிய கை. இஷ்பெல் அதில் டோக்கனை வைத்தாள். விரல்கள் பழக்கத்தில் தாமாக மூடிக்கொண்டன.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. மூடிய கையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். இஷ்பெல் எதுவும் கேட்கவில்லை, அழவும் இல்லை. வரிசையில் நின்ற மற்ற மூப்பர்கள் மூன்று பேருக்கும் விதி தெரியும். பார்த்துக்கொண்டிருந்த இருநூறு பேருக்கும் தெரியும். நிச்சயமா என்று இந்தத் தடவை அவர் கேட்டிருந்தால் மர்டினா அவர்மேல் பாய்ந்திருப்பாள், அது சத்தியம்.

ரோட்ரிக் தொப்பியைக் கழற்றினார். பிறகு, திருவிருந்து அன்று செய்கிற மாதிரியே தலையைக் குனிந்துகொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டார்.

யாரும் தூக்கலாம் என்று சொல்லவில்லை. தாங்களே தூக்கினார்கள். டார்கில் அவரைத் தாண்டிப் போனார். கடைசி ஆள் கேட்டைக் கடக்கும்வரை ரோட்ரிக் அங்கேயே தலை குனிந்து நின்றார். பிறகு டோக்கனைக் கையில் பிடித்தபடியே வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

பாடை மேட்டைத் தாண்டி மறைந்ததும் இஷ்பெல் உள்ளே வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தாள்.

"பசிக்குது மர்டினா."

மர்டினா உப்பு மீனையும் வேகவைத்த கிழங்கையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். இஷ்பெல் கையாலேயே பிய்த்துச் சாப்பிட்டாள். அவசர அவசரமாக, ஒரு முள் விடாமல் எடுத்து ஓரத்தில் வைத்துச் சாப்பிட்டாள். எதிரே நின்ற மர்டினா மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடுப்பைக் குத்திக் குத்திக் கிளறினாள். பொறி பறந்தது.

"இன்னும் கோபம் போகலயாடி?"

"போகல. முப்பத்தோரு வருஷம்க்கா. ஒதுங்கி நின்னா ஆச்சா? ஒரு வார்த்தை சொன்னானா அந்த ஆளு?"

"போக வேணாம், இருக்கட்டும்." இஷ்பெல் இன்னொரு கிழங்கை எடுத்துத் தோலை உரித்தாள். "நாளைக்குக் காலைல மண்கரி கொண்டு வருவேல்ல? அந்தக் கோபத்தையும் கொண்டு வா. ரெண்டு பேருமா உட்கார்ந்து திட்டலாம்."